பதற்றம் உள்ள மகளோடு தீம் பார்க்: பாஸ் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்கிறேன். மகளுக்கு 15 வயது. பதற்றக் கோளாறு என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. நெரிசலில் பேனிக் அட்டாக் வருகிறது. கோடை விடுமுறையில் அவளையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆர்லாண்டோ போகிறீர்கள்: டிஸ்னி வேர்ல்டில் மூன்று நாள், யுனிவர்சலில் இரண்டு நாள். "டிஸெபிலிட்டி பாஸ் வாங்கிவிடுங்கள், க்யூவே கிடையாது" என்று மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையைச் சொல்கிறார் ஒரு நண்பர். "ஆங்சைட்டிக்கெல்லாம் இப்போது தருவதில்லை" என்கிறார் இன்னொருவர். மகளோ, "என்னை எதுக்கு அந்த லிஸ்டில் சேர்க்கறீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நண்பர்களில் முதல் ஆள் சொன்னது இப்போது உண்மை இல்லை. இரண்டாவது ஆள் சொன்னது டிஸ்னியைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை, யுனிவர்சலைப் பொறுத்தவரை அப்படி இல்லை. மகள் சொல்வதுதான் மூன்றிலும் முக்கியமானது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

என் அக்கா மகனுக்கும் இதே சிக்கல். அவன் 13 வயதிலிருந்து 17 வயது வரை அவனோடு பல பூங்காக்களுக்குப் போயிருக்கிறேன், அப்புறம் தெரிந்த சில குடும்பங்களுக்கு இந்த விண்ணப்பங்களில் உதவியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் டிஸ்னி. அங்கே இந்த ஏற்பாட்டின் பெயர் டிஸெபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ், சுருக்கமாக டி.ஏ.எஸ். இதற்கு முன்னால் கெஸ்ட் அசிஸ்டன்ஸ் கார்டு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் பல ரைடுகளில் கிட்டத்தட்ட நேராகவே உள்ளே போகலாம். விளைவு என்னவாகும் என்று நீங்களே ஊகிக்கலாம். வசதி படைத்த சில குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, அவரை முன்னால் விட்டுப் பின்னால் போகின்றன என்று 2013இல் செய்தி வந்து பெரிய ரகளை ஆனது. அந்த வருடம் அக்டோபரில் கார்டை நிறுத்திவிட்டு டி.ஏ.எஸ். கொண்டுவந்தார்கள்.

டி.ஏ.எஸ். எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு ரைடுக்கு 70 நிமிட வரிசை இருந்தால், ஏறக்குறைய அதே அளவு நேரம் கழித்து வரச்சொல்லி ஆப்பில் ஒரு நேரம் தருவார்கள். அதுவரை நீங்கள் நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், சின்ன ரைடு ஒன்றில் ஏறலாம். நேரம் வந்ததும் லைட்னிங் லேன் என்ற தனி விரைவு வழியாக உள்ளே போகலாம். ஒரு நேரத்தில் ஒரு ரைடுக்குத்தான் இப்படி வாங்க முடியும். அதாவது காத்திருக்கும் நேரம் குறைவதில்லை, காத்திருக்கும் இடம் மாறுகிறது. "க்யூவே கிடையாது" என்ற எதிர்பார்ப்போடு போகிறவர்கள் முதல் நாளே ஏமாந்துபோவது இதனால்தான்.

இந்த டி.ஏ.எஸ். 2024இல் இன்னும் இறுகியது. டிஸ்னி வேர்ல்டில் மே 20, கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் ஜூன் 18 முதல் புது விதி. ஆட்டிசம் அல்லது அதுபோன்ற வளர்ச்சி சார்ந்த குறைபாட்டால் சாதாரண வரிசையில் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்கே இந்த வசதி என்று எழுத்தில் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பு பதற்றம், குடல் நோய், மூட்டு வலி என்று பல காரணங்களுக்குக் கிடைத்துவந்தது. இப்போது பதற்றக் கோளாறு என்ற ஒரே காரணத்தைச் சொல்லி விண்ணப்பித்தால் மறுக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம். முயற்சி செய்யக்கூடாது என்பதில்லை. கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொண்டு, கிடைக்காது என்ற கணக்கில் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநலச் சிக்கல்களையும் உள்ளடக்கியதுதான். அன்றாட வாழ்க்கையின் முக்கியச் செயல் ஒன்றைப் பெரிய அளவில் பாதித்தால் போதும். 2008 திருத்தம் அந்த வரையறையை இன்னும் அகலமாக்கியது. ஆகவே உங்கள் மகள் சட்டத்தின் பாதுகாப்பில் வருவாளா என்றால், பெரும்பாலும் வருவாள். ஆனால் பாதுகாப்பு இருக்கிறது என்பதால் நாம் கேட்கும் அதே வசதியைத் தந்தாக வேண்டும் என்றாகிவிடாது. நியாயமான ஏதாவது ஒரு மாற்று ஏற்பாடு தந்தால் போதும் என்பதுதான் பூங்காக்களின் நிலை. ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவரின் குடும்பம் டி.ஏ.எஸ். போதாது என்று தொடுத்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் விசாரணைக்குத் திருப்பி அனுப்பியும், 2020இல் ஆர்லாண்டோ நீதிபதி டிஸ்னி பக்கம்தான் தீர்ப்பளித்தார். 2024 விதிக்கு எதிராகவும் அடுத்த வருடமே கலிபோர்னியாவில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். விடுமுறைக்குப் போகிறவர் கவுன்டரில் நின்று சட்டப்பிரிவை எடுத்துச் சொல்வதால் எதுவும் நகராது என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

விண்ணப்பத்துக்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்தத்திலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மகளோடு உட்கார்ந்து, "வரிசையில் உனக்கு எதுதான் கஷ்டம்?" என்று கேளுங்கள். நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வோம், தெரியாது. நெரிசலில் யாராவது மேலே படுவதா? சத்தமா? எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பதா? வெளியே போக வழி இல்லை என்ற எண்ணமா? எல்லோர் முன்னாலும் அட்டாக் வந்துவிடுமோ என்ற பயமா? கழிப்பறை போக முடியாது என்பதா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

அக்கா மகன் விஷயத்தில் இதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம். ஒரு பூங்காவில் அவனுக்கு பாஸ் கிடைத்தது. சந்தோஷமாகத் திரும்பி வரும் நேரம் வாங்கி, குறுக்கு வழியில் உள்ளே போனோம். பத்தே நிமிடம்தான் நின்றிருப்போம். அப்புறம் முப்பது நாற்பது பேரோடு ஓர் இருட்டறையில் நிறுத்திக் கதவை மூடினார்கள். ரைடுக்கு முன்னால் கதை சொல்லும் அறை. அங்கேயே அவனுக்கு ஆரம்பித்துவிட்டது. அவனுடைய பிரச்சினை காத்திருப்பதே இல்லை. வெட்டவெளியில் ஒரு மணி நேரம்கூட நிற்பான். மூடிய கதவுதான் அவனுக்கு ஆகாது. நாங்கள் போராடி வாங்கிய பாஸ் அவனைச் சீக்கிரமாக அந்தக் கதவுக்குள் கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்கும் சிக்கல் மாட்டிக்கொள்வதுதான் என்றால், டி.ஏ.எஸ்.ஸைவிடப் பொருத்தமான ஏற்பாடு ஒன்று டிஸ்னியில் இருக்கிறது. ரிட்டர்ன் டு க்யூ என்பார்கள். குடும்பத்தில் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவள் வெளியே காத்திருந்து, ஏறும் நேரம் நெருங்கும்போது வந்து சேர்ந்துகொள்ளலாம். அல்லது வரிசையில் சேர்ந்தே நின்று, முடியாதபோது வெளியே போய்விட்டுத் திரும்பலாம். இதற்கு வீடியோ கால் வேண்டாம், பதிவு வேண்டாம். ரைடின் வாசலில் நிற்கும் ஊழியரிடம் வரிசையில் நுழைவதற்கு முன்பே சொல்ல வேண்டும், அவ்வளவே. எந்த வழியாகத் திரும்பி வருவது, எங்கே சேர்ந்துகொள்வது என்பது ரைடுக்கு ரைடு மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் "இவளுக்கு வரிசையில் இருந்து வெளியே போக வேண்டியிருக்கலாம். அப்படிப் போனால் திரும்ப எப்படி வந்து சேர்வது?" என்று நேராகக் கேளுங்கள். வந்திருப்பது நீங்களும் அவளும் மட்டும் என்றால் வரிசையில் நிற்க ஆள் இருக்காது. அதையும் வாசலிலேயே சொல்லிவிட்டால் அதற்கு என்ன செய்யலாம் என்று அவர்கள் சொல்வார்கள்.

டி.ஏ.எஸ். மறுக்கப்பட்டவர்கள் இதை ஒரு ஆறுதல் பரிசு மாதிரி நினைத்துக் கோபப்படுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இது போதாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பேனிக் அட்டாக் வரும் பிள்ளைக்கு "எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம், போனாலும் இடம் போகாது" என்ற உறுதி பல நேரம் பாஸைவிடப் பெரியது. வெளியே போகலாம் என்று தெரிந்ததாலேயே போகாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, டி.ஏ.எஸ்.க்கு முயற்சி செய்வதென்றே முடிவெடுத்தால்: வீடியோ காலில் நேர்காணல் நடக்கும். பயணத் தேதிக்கு எத்தனை நாள் முன்பிலிருந்து பேசலாம் என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டு, அந்தக் காலம் திறந்ததும் காலையிலேயே முயலுங்கள். முன்பு போல பூங்காவுக்குப் போய் கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வரிசையில் நிற்க முடியாது என்று சொல்வதற்கே வீடியோ கால் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், சில நாள் மணிக்கணக்கில். யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மகளும் திரையில் தெரிய வேண்டும் என்பதால் அவள் வீட்டில் இருக்கும் நாளாகப் பாருங்கள். தேவைப்பட்டால் டிஸ்னி ஒப்பந்தம் செய்திருக்கும் மருத்துவத் துறையினரும் இடையில் சேர்ந்து கேள்வி கேட்பார்கள்.

டாக்டர் கடிதம் டிஸ்னியில் கேட்கப்படுவதில்லை. காட்டினாலும் அதனால் பெரிய பயன் இல்லை. நோயின் பெயரைவிட வரிசையில் என்ன நடக்கும் என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். "இவளுக்குக் கடுமையான ஆங்சைட்டி, மருந்து சாப்பிடுகிறாள்" என்றால் கேட்பவருக்கு எதுவும் தெரியாது. "இருபுறமும் ஆள் நெருங்கி நிற்கும் இடத்தில் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், விரல் மரத்துப்போகும், அப்புறம் எந்தப் பக்கமாவது தள்ளிக்கொண்டு ஓடுவாள். போன வருடம் பள்ளி விழாவில் இப்படி நடந்து, தேறி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. திறந்த இடத்தில் உட்கார்ந்தால் வராது." இப்படிச் சொன்னால் புரியும். பள்ளியில் எப்படிச் சமாளிக்கிறாள், விமான நிலையத்தில் என்ன செய்கிறாள் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். கடையில் வரிசையில் நிற்பாள் என்றால் நிற்பாள் என்றே சொல்லுங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. பாஸுக்காக இல்லாத ஆட்டிசத்தை இருப்பதாகச் சொல்லச் சொல்லும் ஆட்கள் உண்டு. பொய் என்று தெரியவந்தால் பூங்காவுக்குள் நிரந்தரத் தடை, டிக்கெட் பணமும் போச்சு என்று விதியிலேயே இருக்கிறது. அதைவிட, தன் பெயரில் அம்மா அப்பா பொய் சொல்வதை 15 வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அது மறக்காது. வேறு பக்கமும் உண்டு: ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பதற்றம் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம், பெண் பிள்ளைகளுக்கு அது தாமதமாகவே கண்டறியப்படுகிறது. அந்தச் சந்தேகத்தில் ஏற்கனவே பரிசோதனை நடந்துகொண்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்வதில் தப்பில்லை.

மறுத்துவிட்டால் உடனே அழைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். "அப்படியானால் இவளுக்கு நீங்கள் தரக்கூடியது எது?" என்று கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவில் கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற உதவி மையத்தில் பேசும்போது அந்தக் குறிப்பு உதவும்.

யுனிவர்சல் முற்றிலும் வேறு மாதிரி. டிஸ்னி கடிதம் கேட்காது, பேச்சைக் கேட்கும். யுனிவர்சலில் முதலில் கடிதம். ஐ.பி.சி.சி.இ.எஸ். என்ற வெளி அமைப்பிடம் இணையத்தில் பதிந்து தனிநபர் அக்சஸிபிலிட்டி கார்டு வாங்க வேண்டும். இலவசம்தான். மகளின் புகைப்படமும், டாக்டரோ சிகிச்சையாளரோ எழுதிய கடிதம் போன்ற ஆவணமும் ஏற்ற வேண்டும். குறைந்தது 48 மணி நேரம் முன்பே என்கிறார்கள். நான் இரண்டு வாரம் முன்பே என்பேன், ஏனென்றால் கடிதத்தில் ஏதாவது குறை என்று திருப்பி அனுப்பினால் டாக்டரை மறுபடி பிடிக்க வேண்டும். கார்டு கிடைத்த பின் யுனிவர்சலில் இருந்து போனில் பேசி என்ன தேவை என்று கேட்பார்கள். சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் பல பூங்காக்களிலும் இதே கார்டுதான், ஆகவே ஒருமுறை பட்ட சிரமம் வீணாகாது.

டாக்டரிடம் கடிதம் கேட்கும்போது "பொதுப் பதற்றக் கோளாறு உள்ளது" என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாமல், அதனால் என்ன முடியாது, என்ன ஏற்பாடு உதவும் என்றும் எழுதச் சொல்லுங்கள். "நெரிசலான, மூடிய வரிசையில் நீண்ட நேரம் நிற்க இயலாது, வரிசைக்கு வெளியே காத்திருக்க அனுமதிப்பது உதவும்" என்ற இரண்டு வாக்கியம் போதும். பள்ளியில் ஏற்கனவே அவளுக்கென்று எழுத்தில் ஏற்பாடு இருந்தால் அதன் நகலையும் எடுத்து வையுங்கள்.

அங்கே தரும் பாஸின் பெயர் அட்ராக்ஷன் அசிஸ்டன்ஸ் பாஸ். வரிசை 30 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ற விரைவு வழியில் உடனே விடுவார்கள். அதிகமாக இருந்தால் திரும்பி வர நேரம் தருவார்கள். பதற்றத்துக்கு இங்கே கதவு அடைக்கப்படவில்லை, ஆனால் உறுதியும் இல்லை. கார்டு கிடைத்தாலே பாஸ் கிடைத்துவிட்டது என்று அர்த்தமாகாது, முடிவு யுனிவர்சலுடையது.

பணத்தால் தீர்க்கக்கூடிய பகுதியை பணத்தால் தீர்த்துவிடலாம் என்பது என் கட்சி. உரிமை என்று இருக்கும்போது ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற வாதம் புரிகிறது. ஆனால் ஐந்து நாள் விடுமுறையில் வாதத்தில் ஜெயிப்பதைவிட பிள்ளை சிரித்துக்கொண்டு திரும்புவது முக்கியம். டிஸ்னியில் விரைவு வழியில் பல ரைடுகளுக்கு நேரம் பிடித்துக்கொள்ள லைட்னிங் லேன் மல்டி பாஸ் வாங்கலாம், அதன் விலை நாளுக்கு நாள், பூங்காவுக்குப் பூங்கா மாறும். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும் நேரங்களைப் பிடித்து வைக்கலாம். பதற்றம் உள்ள பிள்ளைக்கு இதில் இன்னொரு லாபம்: நாளைக்கு எத்தனை மணிக்கு எது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். யுனிவர்சலில் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஓட்டல்களில் தங்கினால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டு பழைய பூங்காக்களில் எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்ந்தே வரும். உள்ளே வரும் நாளும் காலி செய்யும் நாளும் கணக்கில் சேரும் என்பதால் ஓர் இரவு தங்கினால் இரண்டு நாள் ஓடும். நான்கு பேருக்குத் தனித்தனியாக எக்ஸ்பிரஸ் வாங்குவதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். 2025இல் திறந்த எபிக் யுனிவர்ஸுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

செலவே இல்லாத வழி காலையில் சீக்கிரம் போவது. டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்களை தினமும் அரை மணி நேரம் முன்பே விடுகிறார்கள். அந்த அரை மணியும் அதற்கடுத்த ஒரு மணியும் முடிவதற்குள், மதியத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய இரண்டு மூன்று ரைடுகளை முடித்துவிடலாம். 15 வயதுப் பிள்ளையை விடுமுறையில் ஆறு மணிக்கு எழுப்புவது எப்படி என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது மகள் சொன்னது. "அந்த லிஸ்டில்" சேர அவளுக்கு விருப்பமில்லை. இதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மொழியில் மாற்றுத்திறனாளி என்றாலே கண்ணுக்குத் தெரியும் குறைபாடுதான் நினைவுக்கு வருகிறது. அந்த வயதில் பார்த்தால் தெரியாத ஒன்றுக்காகத் தனி வழியில் போவதும், பின்னால் நிற்பவர்கள் "இந்தப் பெண்ணுக்கு என்ன?" என்று பார்ப்பதும் அவளுக்கு வரிசையைவிடப் பெரிய பதற்றமாக இருக்கலாம். அவளை உட்காரவைத்து விளக்கவுரை நிகழ்த்த வேண்டாம். எந்தெந்த ஏற்பாடுகள் இருக்கின்றன என்று காட்டிவிட்டு, எதைப் பயன்படுத்துவது என்று அவளே சொல்லட்டும். எதுவும் வேண்டாம் என்றால், "பதிவு மட்டும் செய்து வைப்போம், அங்கே போய்த் தேவைப்பட்டால் எடுப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வீடியோ காலில் அவளைப் பற்றி அவள் முன்னால் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதை முன்பே அவளிடம் காட்டுங்கள். முடிந்தால் முதல் இரண்டு வாக்கியத்தை அவளே சொல்லட்டும். பள்ளி விழாவில் நடந்ததைச் சொல்லக்கூடாது என்றால் வேறு உதாரணம் தேடுங்கள்.

சிகிச்சையாளரிடம் போய்க்கொண்டிருந்தால் பயணத்துக்கு முன் ஒரு அமர்வில் இதைப் பேசச் சொல்லுங்கள். பதற்றம் ஒரு விசித்திரமான விஷயம்: பயப்படும் ஒவ்வொன்றையும் தவிர்க்க நாம் உதவ உதவ, பயம் வேரூன்றிக்கொண்டே போகும். வீட்டார் இப்படி வளைந்துகொடுப்பது நாளடைவில் பதற்றத்தை வளர்க்கிறது என்பதைச் சிகிச்சைத் துறையில் நன்றாகவே அறிவார்கள். அதற்காக விடுமுறையைப் பயிற்சி முகாமாக்கவும் கூடாது. எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரே ஒரு சாதாரண வரிசை என்று பையனும் அவன் சிகிச்சையாளரும் முடிவு செய்தார்கள். 20 நிமிடத்துக்குள் இருக்கும், திறந்தவெளியில் இருக்கும், அவனுக்கு உண்மையிலேயே ஏற ஆசையுள்ள ரைடாக அவனே தேர்ந்தெடுப்பான். மற்றதெல்லாம் சலுகையோடு. இரண்டாவது நாள் அவனாகவே இரண்டாவது வரிசையில் போய் நின்றான். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

களத்தில் உதவுகிற சில விஷயங்கள். கிட்டத்தட்ட எல்லா ரைடுகளையும் முழுதாகப் படம்பிடித்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள். வரிசை, முன் அறை உட்பட. மகளோடு பாருங்கள். எங்கே கதவு மூடும், எங்கே இருட்டும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். உதாரணமாக டிஸ்னி ரைடுகளில், ஹான்டட் மேன்ஷனில் முதலில் எல்லோரையும் ஓர் அறையில் நிறுத்திக் கதவை மூடுவார்கள், ஸ்பேஸ் மவுன்டன் முழுக்க இருட்டு. இதுபோன்றவற்றை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே பட்டியலிடலாம். அப்புறம், ரோலர் கோஸ்டர் போன்ற பல ரைடுகளில் ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் ஏறாமல் வெளியேற ஒரு வழி இருக்கும். கடைசி நொடியில் மனம் மாறினால் ஊழியரிடம் சொன்னால் போதும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த வழி இருக்கிறது என்பதை வாசலிலேயே அவள் காதால் கேட்கட்டும்.

ஃபுளோரிடாவின் கோடை வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். வெக்கையில் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், கை நடுங்கும். பேனிக் அட்டாக்கின் ஆரம்பமும் அப்படியேதான் இருக்கும். உடம்பு சூடானதை மனசு ஆபத்து என்று படித்துக்கொள்ளும். தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு, எனர்ஜி டிரிங்க் வேண்டாம், மதியம் ஓட்டலுக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் ஏசியில் படுக்கை. இதைச் செய்தாலே சில அட்டாக்குகள் வராமலே போகும். மதியம் மூன்று நான்கு மணிக்கு இடியும் மழையும் வந்து வெளி ரைடுகளை நிறுத்துவது அங்கே வாடிக்கை. அந்த நேரத்தில் எல்லோரும் கூரைக்குக் கீழே ஓடுவதால் நெரிசல் உச்சத்தில் இருக்கும். நீங்கள் அப்போது அறையில் இருப்பது நல்லது.

அப்படியும் வந்துவிட்டால், பேனிக் அட்டாக் பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும். உங்களுக்குள் முன்பே பேசிவைத்த ஒரு சைகை இருக்கட்டும்; கையை இரண்டு முறை அழுத்தினால் வெளியே போகிறோம், கேள்வி கிடையாது. ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி மையம் உண்டு, உள்ளே குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இருக்கும். போனதும் முதல் வேலையாக அது எங்கே என்று வரைபடத்தில் பார்த்து வையுங்கள். அவசரத்துக்கான மாத்திரை இருந்தால் ஓட்டல் அறைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

மகளின் தம்பியும் வருவதாக எழுதியிருந்தீர்கள். அக்கா வெளியே போகும்போதெல்லாம் அவனும் வெளியே போக வேண்டும் என்று வைத்தால் இரண்டாம் நாளே சண்டை வரும். பெரியவர்கள் இருவர் போகிறீர்கள் என்றால் ஒருவர் அவளோடு, ஒருவர் அவனோடு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். யார் யாரோடு என்பதை மதியத்துக்கு மேல் மாற்றிக்கொள்ளலாம்.